ஸ்டாண்டுக்குச் செலவழிக்கலாமா? டர்ன்டேபிளுக்கு ஒரு பதில், ஸ்பீக்கருக்கு ஒரு பதில், ஆம்ப்புக்கு ஒரு பதில்

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர், ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிள் எல்லாம் வாங்கி முடித்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: இதையெல்லாம் எதன்மேல் வைப்பது? வீட்டில் இருக்கும் டிவி யூனிட் போதுமா, ஆடியோ ரேக் வாங்க வேண்டுமா, ஸ்பீக்கருக்குத் தனி ஸ்டாண்டா, அடியில் ரப்பரா, ஸ்பிரிங்கா, ஸ்பைக் எனும் கூரான இரும்புக் காலா? விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள். அதிர்வு குறைந்தால் ஒலி தெளிவாகும் என்கிறார்கள். அது ஒரு கருவிக்கு முழு உண்மை, இன்னொன்றுக்குப் பாதி உண்மை, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. எது எதற்கு என்று தெரிந்துகொண்டால் பணத்தை எங்கே போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். இந்தக் கருவி அசைவை மின்சாரமாக மாற்றுகிறதா? டர்ன்டேபிளின் வேலையே அதுதான். ஸ்பீக்கர் மின்சாரத்தை அசைவாக மாற்றுகிறது, அதாவது தலைகீழ் வேலை. ஆம்ப், டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும் டிஏசி, இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர் இவற்றில் மின்சாரமாக உள்ளே போவது மின்சாரமாகவே வெளியே வருகிறது. நடுவில் எதுவும் அசைய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டுகளைப் பற்றி நாம் படிக்கும் அறிவுரையில் பெரும்பகுதி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டது. அங்கே பல வீடுகளில் தரை என்பது மரச் சட்டங்களின் மேல் அடித்த பலகை, அதன்மேல் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். ஒருவர் குறுக்கே நடந்தாலே தரை துள்ளும், ஊசி எகிறும். நம் வீடுகளில் கான்கிரீட் தளம், அதன்மேல் டைல்ஸோ மொசைக்கோ கிரானைட்டோ. நடையால் ஊசி குதிப்பது இங்கே அபூர்வம். அந்தத் தரைக்குச் சொன்ன தீர்வை அப்படியே வாங்கி இந்தத் தரையில் வைப்பதால்தான் நிறையப் பணம் வீணாகிறது.

டர்ன்டேபிள்: இங்கேதான் அதிர்வு உண்மையிலேயே எதிரி

ஊசி எவ்வளவு சிறிய அசைவைப் படிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று வினாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெக்கார்டில் இது சாதாரணமான சத்த அளவு. அப்போது பள்ளம் பக்கவாட்டில் அசைவது சுமார் 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாட்டின் மெல்லிய இடம் அதைவிட 40 டெசிபெல் கீழே இருந்தால் அசைவு நூறில் ஒரு பங்காகிவிடும், அதாவது 0.08 மைக்ரான். டர்ன்டேபிள் உட்கார்ந்திருக்கும் பலகை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அதிர்ந்தாலே போதும், தம்பூராவின் கார்வைக்குச் சமமான ஒரு சிக்னல் ஊசிக்குக் கிடைத்துவிடும்.

இதற்கு மேல் இன்னொன்று. எல்பி பதிக்கும்போது பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, குறைத்துப் பதிப்பார்கள். இல்லாவிட்டால் பள்ளங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். குறைத்ததைத் திரும்ப உயர்த்துவது போனோ ஆம்ப்பின் வேலை. 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் இந்த உயர்வு கிட்டத்தட்ட 20 டெசிபெல், அதாவது பத்து மடங்கு. தரையிலிருந்தும் மேசையிலிருந்தும் வரும் அதிர்வு பெரும்பாலும் இந்தக் கீழ்ப் பகுதியில்தான் இருக்கும். அதனால் பாட்டோடு சேர்ந்து அதுவும் பெரிதாகிறது.

உங்கள் வீட்டில் பிரச்சினை இருக்கிறதா என்று காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். மோட்டாரை நிறுத்துங்கள். சுற்றாமல் நிற்கும் ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்குங்கள். தேய்ந்துபோன பழைய ரெக்கார்டாக இருந்தால் நல்லது. வால்யூமை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். இப்போது டர்ன்டேபிள் இருக்கும் பலகையை விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காவிட்டால், அல்லது மிக மெதுவாகக் கேட்டால், மேற்கொண்டு எதுவும் வாங்கத் தேவையில்லை. 'டொக்' என்று தெளிவாகக் கேட்டால் பலகையில் நடப்பதெல்லாம் உங்கள் பாட்டில் கலக்கிறது. 'தும்ம்ம்' என்று நீண்டு அடங்கினால் அந்தப் பலகைக்கே ஒரு சுருதி இருக்கிறது. அடுத்து, ஒரு கையை வால்யூம் குமிழிலேயே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் வூஃபர், அதாவது ஸ்பீக்கரின் பெரிய கூம்பு, தானாக முன்னும் பின்னும் ஆடத் தொடங்கி, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஓர் ஊளை கிளம்பலாம். உடனே குறைத்துவிடுங்கள்.

அந்த ஊளை எப்படி வருகிறது? ஸ்பீக்கரின் ஒலி மேசையை அசைக்கிறது, மேசை ஊசியை அசைக்கிறது, ஊசியின் சிக்னல் ஆம்ப் வழியாக மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. ஊளை கேட்காத வால்யூமிலும் இந்தச் சுற்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. அப்போது அது ஊளையாக இல்லாமல் கொழகொழப்பாக வெளிப்படும். எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா ரெக்கார்டுகளைக் கேட்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து விழ வேண்டும், அதற்காகத்தானே அந்த ரெக்கார்டைத் தேடிப் பிடிக்கிறோம். மேசையும் சேர்ந்து பாடினால் நாலைந்து சுரம் ஒரே 'பூம்' ஆகிவிடும்.

நண்பர் ஒருவரின் ஃபிளாட்டில் இதைப் பார்த்தேன். நீளமான டிவி யூனிட், நடுவில் டர்ன்டேபிள், இரண்டு ஓரத்திலும் ஸ்பீக்கர். விலை உயர்ந்த ஸ்பிரிங் கால்கள் வாங்கலாமா என்று கேட்டார். சாப்பாட்டு மேசை நாற்காலி இரண்டை இழுத்துப்போட்டு ஸ்பீக்கர்களை அவற்றின் மேல் வைத்தோம். டர்ன்டேபிளைத் தொடவே இல்லை. முன்பு ஊளையிட்ட வால்யூமைத் தாண்டியும் வூஃபர் அசையாமல் நின்றது. ஸ்டாண்ட் வாங்குவதற்கு முன் எல்லோரும் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது.

சுவரா, கல்லா, ஸ்பிரிங்கா

ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே மேசையிலிருந்து பிரிக்காமல் வேறு எதைச் செய்தாலும் பாதிப் பலன்தான். பிரித்த பிறகு டர்ன்டேபிளை அறையின் மூலையிலிருந்தும் விலக்குங்கள், பேஸ் அழுத்தம் அதிகம் குவிவது மூலையில்தான். காற்று வழியாக வரும் ஒலி ரெக்கார்டு சுழலும் தட்டின் மேலும் மூடியின் மேலும் நேராகவே மோதுகிறது, அதை அடியில் வைக்கும் எந்தக் காலும் தடுக்காது. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை அந்த வால்யூம் சோதனையைச் செய்யுங்கள். சில மாடல்களில் அதிர்வை வாங்கித் தருவதே மூடிதான்.

இவ்வளவும் செய்து போதவில்லை என்றால் எனக்குப் பிடித்த வழி சுவர். பழைய வீடுகளில் 9 அங்குலச் செங்கல் சுவரில் கான்கிரீட்டிலோ கடப்பா கல்லிலோ பதித்த ஷெல்ஃப் இருக்கும். எத்தனை விலை கொடுத்தாலும் அப்படி ஒரு ரேக் கடையில் கிடைக்காது. ஒரே ஒரு சிக்கல் ஆழம். டர்ன்டேபிள்கள் பெரும்பாலும் 45 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழம், பின்னால் கேபிளுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். ஷெல்ஃப் பெரும்பாலும் ஓர் அடிதான் இருக்கும். புதிதாக அடிப்பதென்றால் கனமான இரண்டு எல் பிராக்கெட், நல்ல ஆங்கர் போல்ட், மேலே 18 மி.மீ. பிளைவுட் போதும். எந்தச் சுவர் என்பதுதான் முக்கியம். புது ஃபிளாட்டுகளில் உள்ள 4½ அங்குலத் தடுப்புச் சுவர் மெலிசானது. ஏஏசி பிளாக் (எடை குறைந்த, நுண்துளைகள் உள்ள கட்டி) சுவர் என்றால் அதற்கென்று இருக்கும் ஃபாஸ்னர்தான் போட வேண்டும், சாதாரண போல்ட் நாளடைவில் தளர்ந்துவிடும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கும் சுவரை விட்டு, பக்கவாட்டுச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். வாடகை வீட்டில் ட்ரில் போட விடமாட்டார்கள் என்றால் அடுத்த வழிக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வழி கல். கிரானைட் கடையில் வெட்டி மீந்த துண்டு மலிவாகக் கிடைக்கும். 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் உள்ள கடப்பா பலகை சுமார் 11 கிலோ இருக்கும். கல்லை மட்டும் மேசைமேல் போட்டால் எடை கூடும், ஆனால் தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும், அந்த ஒலியும் ஊசிக்குப் போகும். கல்லுக்கு அடியில் மென்மையாக ஏதாவது இருந்தால்தான் எடைக்குப் பலன் உண்டு. கனம் மேலே, மென்மை கீழே. பலரும் செய்து பலன் கண்ட எளிய ஏற்பாடு, குழந்தைகள் சைக்கிளின் டியூபில் கொஞ்சமாகக் காற்றடித்து அதன்மேல் கல்லை வைப்பது. காற்று இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். சலிப்பில்லாமல் செய்பவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு.

ரப்பரும் ஸ்பிரிங்கும் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எடை வைத்தவுடன் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்து, அது எந்த அதிர்வெண்ணில் தானாக ஊசலாடும் என்று சொல்லிவிடலாம். 1 மி.மீ. அமுங்கினால் சுமார் 16 ஹெர்ட்ஸ். 2.5 மி.மீ. என்றால் 10. 1 செ.மீ. என்றால் 5. 2 செ.மீ. என்றால் 3.5. அந்த எண்ணைவிட சுமார் 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வைத்தான் அது குறைக்கும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும் அதிர்வைக் குறைக்காது, பெரிதாக்கும். ரப்பரில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம், அமுங்கிய அளவு சொல்வதைவிட அது விறைப்பாகவே நடந்துகொள்ளும்.

இதை வைத்துக்கொண்டு, எளிதாகக் கிடைக்கும் வாஷிங் மெஷின் ரப்பர் பேடைப் பாருங்கள். 60, 70 கிலோ எடைக்காகச் செய்தது அது. 6 கிலோ டர்ன்டேபிளை வைத்தால் கண்ணுக்குத் தெரியும்படி அமுங்கவே அமுங்காது. அமுங்காத ரப்பர், பேஸ் அதிர்வைப் பொறுத்தவரை, கல்லுக்குச் சமம். வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், மேல் அதிர்வெண்களில் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். சரி, மென்மையான பேடாக வாங்கி 2 அல்லது 3 மி.மீ. அமுங்கும்படி செய்துவிட்டால்? அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. டோன்ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) அதன் முனையில் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தமக்கென்று ஓர் ஒத்ததிர்வு வைத்திருக்கின்றன. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும்படிதான் பொருத்துவார்கள். நீங்கள் வாங்கிய பேடும் அதே 10 ஹெர்ட்ஸில் ஆடினால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டும். அதனால் ஸ்பிரிங் வைப்பதென்றால் 1 செ.மீ.க்கு மேல் அமுங்கும் அளவுக்கு மென்மையாக வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விளம்பரத்தில் எடை வரம்பு போடாத கால்களை வாங்கவே வேண்டாம். உங்கள் டர்ன்டேபிளின் எடைக்கு அது எவ்வளவு அமுங்கும் என்று சொல்ல முடியாதவர் அதைப் பற்றி வேறு எதையும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கை டர்ன்டேபிளுக்குள்ளேயே கட்டிவிட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் எட்கர் வில்சர் 1961-இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்காக வடிவமைத்த டர்ன்டேபிளில் சுழலும் தட்டும் டோன்ஆர்மும் ஒரே சட்டத்தில் இருந்தன, அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கியது. பின்னால் வந்த தோரன்ஸ் டிடி 150, லின் எல்பி12 எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஊசி படிப்பது வித்தியாசத்தைத்தான், அதாவது தட்டுக்கும் ஆர்முக்கும் இடையே உள்ள அசைவை. இரண்டும் ஒன்றாக அசைந்தால் சிக்னல் வராது. இங்கிலாந்தின் ரேகா நிறுவனம் இதே உண்மையிலிருந்து எதிர்த் திசையில் போனது. ஸ்பிரிங்கே இல்லாமல், எடை குறைந்த, விறைப்பான பலகையில் இரண்டையும் இறுக்கிப் பிணைத்துவிட்டது. 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசை மூன்றாவது வகை. டிஸ்கோ கூடங்களில் ஓடிய அதன் எம்கே2 மாடல் கனத்தையும் தடித்த ரப்பரையும் நம்பியது.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பார்த்து அதற்கேற்ற இடம் கொடுங்கள். ஸ்பிரிங்கில் தொங்கும் டர்ன்டேபிளை இன்னொரு ஸ்பிரிங்கின் மேல் வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து ஊசலாடும். அதற்கு உறுதியான மேசை போதும். ரேகா போன்ற இலகு வகைக்குச் சுவர்தான் சிறந்த துணை. டெக்னிக்ஸ் போன்ற கனமான வகையை எங்கே வைத்தாலும் பெரிதாகப் பாதிக்காது.

வூஃபர் சத்தமே இல்லாமல் பெரிதாக ஆடுவதுதான் உங்கள் புகார் என்றால், காரணம் பெரும்பாலும் ரெக்கார்டின் வளைவாக இருக்கும். வளைந்த ரெக்கார்டு சில ஹெர்ட்ஸிலேயே ஊசியை மேலும் கீழும் தூக்கும். அதற்கு எந்த ஸ்டாண்டும் உதவாது. காதுக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த அதிர்வை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் உள்ள போனோ ஆம்ப் வாங்குங்கள்.

ஸ்பீக்கர் ஸ்டாண்ட்: வாங்குங்கள், ஆனால் காரணம் வேறு

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே போனால் பாக்ஸ் பின்னே உதைபடும். அந்த உதையைத் தடுத்தால்தான் தெளிவு வரும் என்கிறார்கள். எவ்வளவு உதை என்று பார்ப்போம். ஆறரை அங்குல வூஃபரில் அசையும் பகுதியின் எடை சுமார் 15 கிராம், பாக்ஸ் 7 கிலோ என்றால் விகிதம் கிட்டத்தட்ட 1-க்கு 470. கூம்பு 2 மி.மீ. அசையும்போது பாக்ஸ் அசைவது 4 மைக்ரான், கூம்பைவிட 53 டெசிபெல் கீழே. பாக்ஸின் இந்த அசைவைக் காது தனியாகப் பிரித்துக் கேட்கும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் அதே 4 மைக்ரான் ஒரு பெரிய பலகைக்குப் போனால் கதை மாறுகிறது. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள டிவி யூனிட்டின் மேல் பலகையின் பரப்பு வூஃபர் கூம்பைப் போல 40 மடங்கு. உள்ளே வெற்றிடம், மெல்லிய பார்ட்டிகிள் போர்டு என்றால் அதற்குப் பிடித்த ஓரிரு அதிர்வெண்ணில் அதுவே ஒரு மந்தமான ஸ்பீக்கராகிவிடும். இந்த இடத்தில் மென்மையான பேட் உண்மையிலேயே பலன் தரும். கணினி மேசையில் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். கான்கிரீட் தரையில் நிற்கும் ஸ்டாண்டிலோ அந்தப் பிரச்சினையே கிடையாது, 4 மைக்ரான் உதையால் தளத்தை அசைக்க முடியாது.

அப்படியென்றால் ஸ்டாண்ட் எதற்கு? உயரத்துக்கும் இடத்துக்கும். ட்வீட்டர், அதாவது உச்ச ஒலிகளைத் தரும் சிறிய பகுதி, காது மட்டத்தில் இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. இருக்கும். ட்வீட்டர் பாக்ஸின் அடியிலிருந்து 30 செ.மீ. மேலே என்றால் 60 முதல் 70 செ.மீ. உயர ஸ்டாண்ட் வேண்டும். டிவி யூனிட் பெரும்பாலும் 45, 50 செ.மீ.தான். அதோடு யூனிட்டின் மேல் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலி நேரடி ஒலியோடு கலந்து, பாடகரின் குரலைக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்கும். சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும் முக்கியம். ஸ்பீக்கரின் முகம் பின் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியால் 290 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி குறைந்து ஒரு பள்ளம் விழும், அது ஆண் குரலின் சதைப் பகுதி. 1 மீட்டர் தள்ளினால் அந்தப் பள்ளம் 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், குரல் தப்பிக்கும். தனி ஸ்டாண்ட் இருந்தால்தான் இப்படி நகர்த்தி, கேட்டுக் கேட்டு இடம் பிடிக்க முடியும். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் பேசும் பொருள்களிலேயே காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

விலை உயர்ந்த ஸ்டாண்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஊரில் உள்ள வெல்டிங் பட்டறையில் 3 அங்குல ஸ்கொயர் டியூப், 6 மி.மீ. தகட்டில் அடி பிளேட், சிறிய மேல் பிளேட் என்று சொன்னால் செய்து தருவார்கள். அடி பிளேட் ஸ்பீக்கரைவிடப் பெரிதாக இருக்கட்டும், குழந்தைகள் ஓடும் வீட்டில் கவிழ்ந்துவிடக் கூடாது. டியூபில் மணல் நிரப்பினால் தட்டினால் வரும் கணகணப்பு அடங்கும், கீழே கனமும் சேரும். மணலை நன்றாக வறுத்து ஈரம் போக்கிய பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும். மேல் பிளேட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நாலு மூலையிலும் ப்ளூ டேக் (களிமண் போல ஒட்டும் பொருள்) சிறு உருண்டைகளாக வைத்து அழுத்திவிட்டால் நகராது.

ஸ்பைக் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அது அதிர்வை வடிகட்டி ஒரே திசையில் விடும் என்று சொல்வதில் உண்மை இல்லை, இரும்புக் கூம்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கடத்தும். கார்ப்பெட்டைத் துளைத்துக் கீழே உள்ள உறுதியான தரையைத் தொடத்தான் அது வந்தது. தடித்த கார்ப்பெட் விரித்த இடத்தில் ஸ்டாண்ட் ஆடினால் ஸ்பைக் போடுங்கள். வெறும் டைல்ஸில் ஸ்பைக் வைத்தால் டைல்ஸில் கீறலும் சில்லும்தான் மிச்சம். அங்கே ரப்பர் காலே போதும்.

ரேக், ஆம்ப், டிஏசி

இதில் நீண்ட நேரம் செலவழிக்கத் தேவையில்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் அடியில் எதை வைத்தாலும் ஒலி மாறாது. சில வகை செராமிக் கெபாசிட்டர்கள் தட்டினால் மின்னழுத்தம் உண்டாக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஓர் அலமாரியின் அதிர்வுக்கு வருவது இசைச் சிக்னலின் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. டிஏசிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் அதிர்வால் பாதிக்கப்படும் என்றும் சொல்வார்கள். ராடார் வடிவமைப்பவர்களுக்கு அது கவலை. வீட்டு ஷெல்ஃபில் இருக்கும் டிஏசிக்கு அந்த மாற்றம் காது எட்டும் எல்லைக்கு மிகவும் கீழே. சிடி பிளேயர் 1982-இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோதே பிழைதிருத்தம் அதில் உண்டு. தட்டில் 2 மி.மீ. நீளத்துக்குத் தகவல் அழிந்திருந்தாலும் முழுதாக மீட்டுவிடும். மீட்க முடியாத அளவு குலுங்கினால் பாட்டு துண்டுபடும், 'பேஸ் கொஞ்சம் தளர்ந்தது' என்ற மாதிரி மென்மையாக மாறாது.

விதிவிலக்கு, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வு ஆம்ப். குறிப்பாக 12ஏஎக்ஸ்7 போன்ற சிறு வால்வுகள் உள்ள ப்ரீஆம்ப், போனோ ஆம்ப். பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெதுவாகத் தட்டினால் 'டிங்' என்று ஸ்பீக்கரில் கேட்கும். அது பலமாகக் கேட்டால் முதலில் வால்வை மாற்றுங்கள், பிறகு மென்மையான கால்களைப் பற்றி யோசிக்கலாம். இன்னொரு சிறு விஷயம், ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகுவது. கண்ணாடி ஷெல்ஃபில் வைத்தால் அந்த முனகல் பெரிதாகக் கேட்கும். ஒரு ரப்பர் பாய் போட்டால் அடங்கிவிடும்.

ரேக் வாங்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. காற்றோட்டம், கேபிளுக்கு இடம், எடை தாங்குவது. நம் ஊர் வெயிலில் மூடிய அலமாரிக்குள் சூடாகும் ஆம்ப்புக்கு, அதிர்வைவிடக் காற்றில்லாததுதான் ஆயுளைக் குறைக்கும். அதற்காக வாங்குங்கள்.

"பேட் வைத்ததும் வித்தியாசம் கேட்டதே" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஸ்பீக்கருக்கு அடியில் 4 செ.மீ. பேட் வைத்தால் ட்வீட்டர் 4 செ.மீ. உயர்கிறது, சாய்வும் மாறலாம். ட்வீட்டரும் வூஃபரும் காதுக்கு வந்து சேரும் விதம் மாறுகிறது, அது நிச்சயம் கேட்கும். வேலை செய்தது உயரமா, பேடா என்று பிரித்தறிய, அதே உயரத்துக்கு மரக்கட்டைகளை வைத்து, எது இருக்கிறது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மரக்கட்டையிலும் அதே தெளிவு வந்தால் பேடைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப் வூஃபர் வைத்திருப்பவர்கள் கீழ் வீட்டுக்காரர்களுக்காக பேட் தேடுகிறார்கள். கான்கிரீட் தளத்தில் அதன் பலன் மிகக் குறைவு. கீழே போவதில் பெரும்பகுதி சப்பின் கால் வழியாகப் போவதில்லை. அறைக் காற்றில் நிரம்பிய 30, 40 ஹெர்ட்ஸ் அழுத்தமே தளத்தையும் சுவரையும் அசைக்கிறது. இரவில் சப்பின் அளவைக் குறைப்பதும், அதை மூலையிலிருந்து வெளியே எடுப்பதும்தான் அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான உதவி.

கையில் ஒரு தொகை இருந்தால்

என் வரிசை இது. டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே மேசையில் இருந்தால் முதல் செலவு ஸ்பீக்கர் ஸ்டாண்ட், பட்டறையில் செய்தது. அதற்குப் பிறகும் தட்டும் சோதனையில் 'டொக்' வந்தால் சுவர் ஷெல்ஃப், முடியாவிட்டால் கல்லும் டியூபும். மூன்றாவதாக, டைல்ஸ் போட்ட ஹாலில் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு தடித்த கார்ப்பெட், ஜன்னலுக்குக் கனமான திரை. பவானி ஜமுக்காளம் அழகுதான், ஆனால் மெல்லிய பருத்தி உச்ச ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும், எதிரொலி அப்படியே இருக்கும். டிஏசிக்கும் ஆம்ப்புக்கும் அடியில் வைக்கும் கூம்பு, வட்டு, கிரிஸ்டல் என்று வருபவை இந்த வரிசையில் எந்த இடத்திலும் இல்லை. உங்களிடம் டர்ன்டேபிள் இருந்து, அதன் ஊசி 500 முதல் 1000 மணி நேரம் ஓடிவிட்டது என்றால், மேலே சொன்ன எதற்கும் முன்னால் புது ஊசி வாங்கி மாட்டுங்கள். தேய்ந்த ஊசி ஒலியைக் கெடுப்பதோடு நிற்காமல் ரெக்கார்டையும் அறுக்கிறது, அறுந்த பள்ளத்தை எந்த ஸ்டாண்டாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.